டுபாயிலிருந்து வேலைக்கடிதம்: போவதா, பட்டயத்தை முடிப்பதா?

மொரட்டுவையில் கட்டடக்கலை படித்து, கொழும்பில் ஐந்து பேர் மட்டுமே உள்ள ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடங்களாக வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சர்வதேச வடிவமைப்பு நிறுவனம் ஒன்றின் டுபாய்க் கிளையிலிருந்து அவருக்கு வேலைக்கடிதம் வந்திருக்கிறது. போனால் உண்மையில் வடிவமைப்பேனா, பிறர் வடிவமைத்ததை வரைந்துகொண்டே இருப்பேனா என்பது அவருடைய முதற்கேள்வி. பட்டயக் கட்டடக்கலைஞர் என்ற தொழில் தகுதியை முடித்துவிட்டுப் போவதா, போய்விட்டு முடிப்பதா என்பது இரண்டாவது. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தால் அந்த அனுபவத்துக்கு இங்கே மதிப்பிருக்குமா என்பது மூன்றாவது.

நான் 2006 முதல் 2010 வரை டுபாயிலும், அதன்பின் ஏழு வருடங்கள் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்களில் இருந்துவிட்டு, இப்போது வெள்ளவத்தையில் சிறிய அலுவலகம் ஒன்று நடத்துகிறேன். 2006இல் புறப்பட்டதற்கு வேலை மட்டும் காரணமில்லை; அந்த வருடம் கொழும்பில் இருந்த தமிழ் இளைஞர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கட்டடத்தில், அதன் வேலையின் எந்தக் கட்டத்தில், யாருக்குப் பக்கத்தில் உங்களை உட்காரவைக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். என் பதினொரு வருடங்களில் எனக்குப் பயன்பட்டவையும் வீணாய்ப் போனவையும் இந்த ஒரு விடயத்தால்தான் பிரிந்தன.

சர்வதேச நிறுவனம் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விலைபோகின்றன. ஒன்று, தொடங்கியவரின் பெயரும் கையெழுத்தும் தெரியும் வடிவமைப்பு வீடுகள்: லண்டனில் 1967இல் தொடங்கிய ஃபொஸ்டர், 1980இல் தொடங்கிய சஹா ஹடிட், ரொட்டர்டாமிலிருந்து இயங்கும் ஓ.எம்.ஏ. போன்றவை. அங்கே வடிவமைப்புப் போட்டிகளுக்காக இரவு பகலாக மாதிரி செய்து, அவற்றில் பெரும்பகுதியைக் குப்பைக்கு அனுப்புவதுதான் இளையவர்களின் வேலை. இரண்டாவது, 1936இல் சிகாகோவில் தொடங்கிய எஸ்.ஓ.எம்., 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஜென்ஸ்லர் போன்ற பெரும் அமைப்புகள். தொடங்கியவர்கள் போன பின்னும் இவை தொடர்வதற்கு ஆளைவிட முறை பெரிதாக இருப்பதே காரணம். மூன்றாவதை நாம் கொழும்பிலேயே பார்க்கிறோம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளைகுடாவிலும் உள்ள அலுவலகங்களுக்காக இங்கிருந்து ரெவிட் என்ற கணினி மென்பொருளில் வரைந்து அனுப்பும் இடங்கள் அவை. அங்கே வேலை சுத்தம், சம்பளமும் நேரத்துக்கு வரும். ஆனால் எழும்பப் போகும் மண்ணையும் அதற்குக் காசு கொடுப்பவரையும் நீங்கள் காணவே மாட்டீர்கள். உங்கள் கடிதம் டுபாயிலிருந்து வந்திருந்தாலும் அந்தக் கிளைக்குள்ளேயே இப்படியொரு வரைபடப் பிரிவு இருக்கக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் முதற்கேள்வி. முதல் இரண்டு வருடங்கள் நீங்கள் வடிவமைக்க மாட்டீர்கள், வரைவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டுபாயில் என் முதல் ஏழு மாதங்கள் ஒரு ஹொட்டேலின் கதவுப் பட்டியலில் கழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட கதவுகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், எந்த அறை, அகலம், உயரம், பலகையின் வகை, எத்தனை மணிநேரம் தீயைத் தாங்க வேண்டும், பிணைச்சல், பூட்டு, தானாக மூடும் கருவி, எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு வரி. நான் சலித்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு நாள், எனக்கு மேலிருந்த ஐரிஷ்காரர் வந்து, அறை சுத்தம் செய்யும் தள்ளுவண்டி எவ்வளவு அகலம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஹொட்டேல் நடத்தும் கம்பனியின் கையேட்டைத் திறந்து காட்டினார். பிறகு நான் 900 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த கதவைச் சுட்டினார். 900 மில்லிமீட்டர் கதவு திறந்து நின்றால் உள்ளே கிடைப்பது 900 அல்ல. பலகையின் தடிப்பும் நிலையின் படியும் தின்றது போக 850க்குக் கிட்டத்தான் மிஞ்சும். வண்டி நுழையலாம், ஆனால் தள்ளுகிறவரின் விரல் முட்டு நிலையில் உரசும். ஒவ்வொரு மாடியிலும் அதே கதவு இருந்தது. அன்று மாலை எல்லாவற்றையும் மாற்றினேன். கதவை மாற்றியதால் சுவரும், சுவரை மாற்றியதால் உள்ளே ஓடிய குளிரூட்டிக் குழாயும் நகர்ந்தன, அடுத்த நாள் பொறியியலாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு கட்டடத்தின் பாகங்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அந்தப் பட்டியல்தான்.

ஆகவே கதவுப் பட்டியலுக்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, மூன்றாவது வருடத்திலும் இன்னொரு ஹொட்டேலின் கதவுப் பட்டியலையே தருவார்களா என்பதற்குத்தான். ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்தால் அதையே திரும்பத் தருவது பெரிய அலுவலகங்களின் இயல்பு. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, கால அட்டவணை அப்படி. மலசலகூட அடுக்கும் மின்தூக்கிச் சுரங்கமும் மட்டுமே ஆறு வருடம் வரைந்து, அவற்றில் உலகத்தரமான நிபுணராகி, ஒரு வீட்டுக்கு ஜன்னல் எங்கே வைப்பது என்று கேட்டால் தடுமாறிய நண்பர் எனக்கு உண்டு.

யார் வடிவமைக்கிறார்கள் என்றும் உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கும். பெரிய அலுவலகத்தில் ஒரு கட்டடத்தை ஒருவர் வடிவமைப்பதில்லை. காலையில் மேலாளர் மஞ்சள் நிற டிரேசிங் காகித உருளையுடன் வருவார், உங்கள் வரைபடத்தின் மேல் ஒரு துண்டைக் கிழித்து விரித்து, தடித்த பென்சிலால் இரண்டு கோடு போடுவார், போய்விடுவார். அந்த இரண்டு கோட்டுக்கும் சதுர மீட்டர் கணக்குக்கும் தீயணைப்புச் சட்டத்துக்கும் இடையே ஒரு இணக்கத்தைக் கண்டுபிடிப்பது நீங்கள். அதையும் வடிவமைப்பு என்றே நான் கணக்கிடுகிறேன்; பெயர் மட்டும் வராது. புர்ஜ் கலிஃபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடிவமைத்த ஏட்ரியன் ஸ்மித் 2006இலேயே எஸ்.ஓ.எம்.ஐ விட்டு விலகித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். 828 மீட்டர் கோபுரம் திறக்கப்பட்டது 2010 ஜனவரியில். தளத்தில் மேற்பார்வை செய்தது ஹைடர் என்ற இன்னொரு நிறுவனம், கட்டியது சம்சுங் தலைமையிலான கூட்டு. தலைவருக்கே நிலைமை இதுவென்றால், இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகும் நாம் கட்டடத்தின் முழு ஆயுளையும் ஓர் அலுவலகத்தில் இருந்து பார்ப்போம் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

இங்கேதான் கட்டம் முக்கியமாகிறது. பிரித்தானிய முறைப்படி ஒரு வேலை பூச்சியத்திலிருந்து ஏழு வரை எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தாலும் ஓட்டம் ஒன்றுதான்: எண்ணக்கரு, அதை விரித்து ஒழுங்குபடுத்துதல், கேள்விமனுவுக்கும் கட்டுமானத்துக்குமான விபர வரைபடங்கள், தளத்தில் மேற்பார்வை, கையளிப்பு. சர்வதேச நிறுவனங்கள் பல, எண்ணக்கருவை முடித்துச் சற்று முன்னே போனதும் வேலையை உள்நாட்டுக் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைத்துவிடும். சிங்கப்பூரின் மரீனா பே சாண்ட்ஸ் மோஷே சஃப்டியின் வடிவமைப்பு. ஆனால் அங்கே நிறைவேற்றும் கட்டடக்கலைஞராக இருந்தது ஏடாஸ் என்ற இன்னொரு நிறுவனம். அதே சஃப்டிதான் நம் பேய்ரா வாவிக் கரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஒல்டெயார் கோபுரங்களையும் வடிவமைத்தார். 68 மாடிகள், 240 மீட்டர். அப்படியொன்று கொழும்பில் எழும்ப வேண்டுமானால் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் மாநகர சபையிலும் இங்கே பதிவுபெற்ற ஒருவர் வரைபடத்துக்குப் பொறுப்பேற்று அலைய வேண்டும். சாய்ந்த சுவருக்குள் மின்தூக்கியை எப்படி நிமிர்த்தி ஓட்டுவது, கடற்காற்றின் உப்புக்கு எந்த உலோகம் தாங்கும் என்ற கேள்விகளோடு ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டுவது அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள்தான். எனவே, விந்தையாகத் தோன்றினாலும், வெளிநாட்டு நிறுவனத்தின் எண்ணக்கருப் பிரிவில் மூன்று வருடம் இருப்பவரைவிட, அதே கட்டடத்தின் உள்நாட்டு அலுவலகத்தில் மூன்று வருடம் இருப்பவர் அதிகம் கற்பதுண்டு. நான் இதைச் சிங்கப்பூருக்குப் போன பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அங்கே நிறைவேற்றும் பக்கத்தில் சேர்ந்து, ஒரே கட்டடத்தில் நாலரை வருடம் இருந்தேன். தலைக்கவசத்துடன் போய் மாதிரிச் சுவர்த்துண்டின்மேல் தண்ணீர் அடித்து, எங்கே ஒழுகுகிறது என்று உட்புறத்தில் டோர்ச் பிடித்துப் பார்த்த அந்த மாதங்கள்தான் இன்று எனக்குச் சோறு போடுகின்றன.

பட்டயம் பற்றிய கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: முடித்துவிட்டுப் போங்கள். கடிதத்தில் இருக்கும் தேதியை ஆறு மாதம் தள்ளிக் கேட்டுப் பாருங்கள்; உண்மையில் வேண்டியவர்கள் காத்திருப்பார்கள். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பட்டயக் கட்டடக்கலைஞர் என்ற பெயர் இறுதிப் பகுதியான தொழில்முறைப் பரீட்சையில் தேறினால்தான் கிடைக்கும். அந்தப் பரீட்சையில் கேட்பது ஒப்பந்தம், கட்டணம், உள்நாட்டுச் சட்டம், தளத்தில் ஒரு தகராறு வந்தால் நீங்கள் எழுதும் கடிதம் என்பவை. இங்கே தினமும் கையாண்டால் அவை மனதில் நிற்கும். டுபாயில் இருந்துகொண்டு இரவில் படித்தால் ஒவ்வொன்றும் கதையாகத் தோன்றும். பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பமிடத் தகுதியான மூத்தவர் அங்கே கிடைப்பாரா என்பது வேறு கவலை. போய்விட்டு முடிக்கிறேன் என்று சொன்ன என் வகுப்பினரில் சிலர் இன்னும் முடிக்கவில்லை, எல்லோருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

அங்கே போன பின் உங்கள் பெயரட்டையில் கட்டடக்கலைஞர் என்று இல்லாமல் டிசைனர் என்றிருந்தால் மனம் நோக வேண்டாம். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டின் சட்டப்படி அந்நாட்டுப் பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைத் தொழிலில் பயன்படுத்த முடியாது. சிங்கப்பூரிலும் அதே நிலைதான். பெரும்பாலான நாடுகள் இந்தப் பெயரைப் பூட்டி வைத்திருக்கின்றன. இங்கே ஒரு பட்டயம் கையிலிருந்தால் அங்கே கதவு தானாகத் திறந்துவிடாது. ஆனால் சம்பளப் பேச்சில் எண் மாறும், திரும்பி வரும் நாளில் வரைபடத்தில் உங்கள் பெயரிலேயே கையொப்பமிடலாம்.

பதவி ஏணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உதவியாளர், கட்டடத்துக்குப் பொறுப்பானவர், அசோசியேட், அதன் பின் பிரின்சிபல் அல்லது பார்ட்னர் என்று பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அசோசியேட் வரை ஏறுவது வரைபடத்தால். அதற்கு மேல் ஏறுவது ஆட்களால். யார் எத்தனை மணிநேரம் வேலை செய்தார், கட்டணத்தில் எவ்வளவு மிச்சம், கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரை யார் சாப்பிடக் கூட்டிப்போவது என்பவைதான் அந்த மாடியின் பேச்சு. பென்சில் பிடிப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவருக்கு அது பதவி உயர்வா என்பது எனக்கு இன்னும் சந்தேகமே. நான் சிங்கப்பூரை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணவிடயத்தில் இரண்டு காரியம். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியதைக் கண்ட தலைமுறை நீங்கள். வெளிநாட்டுச் சம்பளம் ஏன் இழுக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்க்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போகிறது. டுபாயில் நம் போன்ற வெளிநாட்டவருக்கு அப்படியொன்று கிடையாது, சேவை முடிவில் ஒரு பணிக்கொடைதான். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம் என்று அதைக் கணக்கிடுவார்கள், அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல். அடிப்படையைக் குறைத்து வீட்டுக் கொடுப்பனவைக் கூட்டிக் காட்டும் கடிதங்களின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

மற்றது, வேலைபோகும் நாள். 2008இன் இறுதியில் உலகச் சந்தை விழுந்தபோது எங்கள் மாடியில் வேலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. 2009 தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, ஒருவர் பின் ஒருவராகக் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் கோப்பையையும் அளவுகோலையும் காகிதப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். அதுவரை மாதிரி அடுக்க இடமில்லை என்று சண்டை பிடித்த மாடியில், அப்போது அங்கே வேலைவாரம் தொடங்கும் நாளான அடுத்த ஞாயிறு மேசைகள் வெறிச்சென்று கிடந்தன. நான் தப்பியதற்கு என் திறமை காரணமல்ல. என் கட்டடம் பாதிக்கு மேல் எழும்பிவிட்டதால் அதை நிறுத்த முடியவில்லை. எண்ணக்கருப் பிரிவில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள்தான் முதலில் போனார்கள். வேலையோடு விசாவும் போகும் ஊரில், ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் வரை கார் வாங்காதீர்கள்.

நேர்முகத்துக்குக் கொண்டுபோகும், உங்கள் வேலைகளின் கோவையைப் பற்றியும் ஒரு சொல். இருபது பக்கம் போதும், ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கை எது, மற்றவர் கை எது என்று தெளிவாக எழுதுங்கள். சிங்கப்பூர் நேர்முகத்துக்கு நான் கண்ணைப் பறிக்கும் கோபுரப் படங்களோடு போனேன். எதிரே இருந்தவர் அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டு, கடைசியில் நான் தயங்கித் தயங்கிச் சேர்த்திருந்த ஒரு பக்கத்தில் நின்றார். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை மாணவனாக இருந்தபோது நாடா பிடித்து அளந்து வரைந்தது அது. முற்றத்துக்கு நாலு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை சந்திக்கும் மூலையில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். மூலைத் தகரப் பீலியையும், அது வழிந்தால் நனையும் திண்ணையையும், அதற்காக அம்மம்மா கீழே வைத்த செப்புக் கிடாரத்தையும் சொன்னேன். நேர்முகத்தில் பாதி நேரம் அந்த மூலையிலேயே போனது. பெரிய நிறுவனங்கள் உங்கள் வேலையை வெளியில் காட்டவிடாமல் இரகசிய ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளும் என்பதால், சேரும்போதே, கட்டடம் திறந்த பிறகு உங்கள் பங்கை உங்கள் கோவையில் காட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தால் மதிப்பிருக்குமா? இங்கே வெளிநாட்டு அனுபவத்தை மதிக்காதவர் குறைவு, அது கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியே இருக்கிறது. கொழும்பில் பிறந்த செசில் போல்மன்ட் 1968இல் லண்டனில் அருப் நிறுவனத்தில் பொறியியலாளராகச் சேர்ந்து, நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்து, டோயோ இட்டோவுடன் 2002இன் சேர்பென்டைன் மண்டபம் போன்றவற்றைச் செய்துவிட்டு, தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, கொம்பனித்தெருவில் சினமன் லைஃப் கட்டடத்தை வடிவமைத்தார். அப்படி வருபவர் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைத் தனி ஒருவரின் மேதைமையாகப் பேசும் நம் வழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. சட்டத்தரணியாக இருந்த அவர் லண்டனில் படித்துத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். கொழும்பில் அவர் சேர்ந்த எட்வேர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் அலுவலகத்தில் உல்ரிக் பிளெஸ்னர் என்ற டேனியர் கூட இருந்தார், அவர் போன பின் 1967இல் பொறியியலாளர் பூலோகசுந்தரம் பங்காளியானார். பாவாவின் கூரைகள் நிற்பதற்குப் பின்னால் ஒரு தமிழரின் கணக்கு இருக்கிறது என்பதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தது போன்ற ஒரு மேசை உங்களுக்கு எங்கே கிடைத்தாலும், டுபாயோ கொள்ளுப்பிட்டியோ, அங்கே உட்காருங்கள்.

நான் திரும்பியபோது என் கையில் இருந்த பலதும் இங்கே பயன்படவில்லை. கண்ணாடிச் சுவரை மில்லிமீட்டர் கணக்கில் வரையத் தெரிந்த எனக்கு, தெஹிவளையில் முதல் வீட்டில் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடில் தண்ணீர் சுவருக்குத் திரும்பி ஓடிக் கறை பிடித்தது பெரிய அவமானமாகப் போயிற்று. சன்ஷேடின் அடியில், விளிம்புக்குச் சற்று உள்ளே, விரலளவு பள்ளம் ஒன்று நீளமாக ஓடினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நான் அதை வரைந்துதான் இருந்தேன். திருகோணமலையிலிருந்து வந்த மேசன் அதைப் பார்த்து, பலகை அடிக்கும்போதே கயிறோ சலாகையோ வைத்து வார்க்க வேண்டும், பிறகு சீமெந்துப் பூச்சில் கீறினால் உடைந்துவிடும் என்றார். அதை எப்போது செய்வது என்பது என் வரைபடத்தில் இல்லை. சிங்கப்பூரில் அதைச் சொல்ல வேறு ஒரு பிரிவே இருந்தது.

கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் அவர்களிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: எந்தக் கட்டடம், அது இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, தளத்துக்குப் போக வாய்ப்பிருக்கிறதா, யாருக்குக் கீழே வேலை. கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வந்தால், அவரோடு அரைமணி நேரம் பேசக் கேளுங்கள். அவர்கள் மனிதவளப் பிரிவின் பொதுக் கடிதம் ஒன்றைத்தான் திருப்பி அனுப்பினால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளப் பிரிவினை உள்ள பக்கத்தை எனக்கும் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.